வலிப்பு நோய் குறித்த விலங்காய்வை வாசிப்பது எப்படி

வலிப்பு நோய்க்குப் புதிய மருந்து வந்துவிட்டது என்று செய்தி வரும்போது, வீட்டில் நோயுற்ற பிள்ளை இருப்பவர்களின் கண்ணில் அதன் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும் ‘சுண்டெலிகளில்’ என்ற சொல் பெரும்பாலும் படுவதில்லை. அதைக் கவனிப்பவர்களிலும் ஒரு சாரார் ‘எலிக்குத்தானே’ என்று செய்தியையே ஒதுக்கிவிடுகிறார்கள். மறுசாரார் எலிக்குக் கேட்ட மருந்து மனிதருக்கும் கேட்கும் என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் வலிப்படக்கி மருந்துகளில் பல விலங்குச் சோதனைகளின் வழியாக வந்தவை. அதே சோதனைகளில் சிறப்பாகத் தேறிப் பின்னர் நோயாளிகளிடம் தோற்றவையும் உண்டு. மருந்தியல் மாணவர், மருத்துவச் செய்தி எழுதுபவர், நோயாளியின் குடும்பத்தார் ஆகிய மூவரையும் மனத்தில் கொண்டு, இத்தகைய ஆய்வு ஒன்றைக் கையில் எடுத்தால் எதை எங்கே தேட வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். தேட வேண்டியவை பல என்றாலும், அவை ஒரே கேள்வியிலிருந்து கிளைப்பவை: அந்த விலங்குக்கு நோய் இருந்ததா, அல்லது ஆரோக்கியமான மூளையில் ஒரு வலிப்பு மட்டும் தூண்டப்பட்டதா?

விலங்குக்கு என்ன செய்தார்கள் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்

கட்டுரையின் முன்னுரையையும் முடிவுரையையும் தற்காலிகமாகத் தள்ளிவைத்துவிட்டு, ஆய்வு முறைகளை விவரிக்கும் பகுதிக்கு நேரே செல்லுங்கள். அங்கே ‘அதிகபட்ச மின் அதிர்ச்சி’ என்றோ ‘பென்டிலீன்டெட்ரசோல்’ என்றோ இருந்தால், அது நோயற்ற விலங்கில் சில நொடிகளுக்கோ நிமிடங்களுக்கோ வலிப்பை வரவழைத்துப் பார்க்கும் குறுகிய சோதனை என்று புரிந்துகொள்ளலாம். முதல் முறையில் விலங்கின் கண்களின் மேற்பரப்பிலோ காதுகளிலோ மின்முனைகளை வைத்து, வழக்கமாக 0.2 நொடி நேரம், சுண்டெலிக்கு 50 மில்லி ஆம்பியர், எலிக்கு 150 மில்லி ஆம்பியர் என்ற அளவில் மின்சாரம் செலுத்துவார்கள். பின்னங்கால்கள் விறைத்து நீளாமல் மருந்து தடுத்துவிட்டால், அந்த விலங்கு காக்கப்பட்டதாகக் கணக்கு. இரண்டாவது முறையில் பென்டிலீன்டெட்ரசோல் என்ற வேதிப்பொருளை ஊசி வழியே ஏற்றி, உடல் துள்ளி நடுங்கும் வலிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் மருந்து முன்னதாகவே, அதாவது வலிப்புக்கு அரைமணி அல்லது ஒருமணி நேரம் முன்பே, கொடுக்கப்பட்டுவிடுகிறது. சோதனைக்கு முந்தைய நாள் அந்த விலங்குக்கு வலிப்பு இல்லை, மறுநாளும் இருக்கப்போவதில்லை.

இப்படிச் சொல்வதால் இச்சோதனைகளை அற்பமானவை என்று கருதிவிடக் கூடாது. ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிக் பில்ட்ஸ் 1908-இல் தயாரித்துவிட்டு, யாரும் பயன் காணாமல் கிடந்த ஃபெனிடோயின், பாஸ்டன் நகரில் ஹூஸ்டன் மெரிட், டிரேசி பட்னம் ஆகிய இருவர் பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பைத் தூண்டி, வேதிப்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தபோதுதான் மருந்தாக வெளிப்பட்டது; 1938-இல் நோயாளிகளிடம் கண்ட பயனையும் அவர்கள் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்த புரோமைடும் ஃபீனோபார்பிட்டாலும் நோயாளிகளைத் தூக்கத்தில் ஆழ்த்துபவை. வலிப்பை அடக்க மருந்து மூளையை மயக்கித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணத்தை அந்தப் பூனைகள் மாற்றின. ஆறே ஆண்டுகளில், 1944-இல், எவரெட், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் பென்டிலீன்டெட்ரசோல் தூண்டும் வலிப்பை டிரைமெதடியோன் தடுப்பதையும், ஃபெனிடோயின் தடுக்காததையும் கண்டார்கள். டிரைமெதடியோன் பின்னர், குழந்தைகள் சில நொடிகள் நினைவு தப்பி வெறித்து நிற்கும் வகை வலிப்புக்குப் பயன்பட்டது. அந்த வகைக்கு ஃபெனிடோயின் உதவுவதில்லை. ஆகவே இரண்டு சோதனைகளும் இரண்டு வெவ்வேறு வகை வலிப்புகளை அடையாளம் காட்டுகின்றன என்ற நம்பிக்கை உருவாகி, அடுத்த அரைநூற்றாண்டு இத்துறையை ஆண்டது. அமெரிக்க அரசின் நரம்பியல் நிறுவனம் யூட்டா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1975-இல் தொடங்கிய மருந்துத் தேடல் திட்டத்திலும் இவையே முதல் வாயில்களாக நின்றன.

சோதனையின் தன்மை விடையைத் தீர்மானிப்பதைக் கவனியுங்கள்

மேலே சொன்ன நம்பிக்கை எந்த அளவுக்குப் பிழைபடும் என்பதற்கு லெவெடிராசெட்டமே போதுமான சான்று. இன்று உலகெங்கும் மிகுதியாக எழுதிக்கொடுக்கப்படும் வலிப்பு மருந்துகளில் ஒன்றான அது, ஆரோக்கியமான விலங்குகளில் செய்யப்பட்ட மின் அதிர்ச்சிச் சோதனையிலும் பென்டிலீன்டெட்ரசோல் சோதனையிலும் ஏறக்குறைய எந்தப் பயனையும் காட்டவில்லை. உரத்த ஒலி கேட்டால் வலிப்பு வரும் பிறவிக் குறையுடைய சுண்டெலிகளிலும், மூளையில் மீண்டும் மீண்டும் மின்தூண்டல் பெற்று வலிப்புக்கு இலக்காகிவிட்ட எலிகளிலும் அது நன்றாக வேலை செய்தது. முதல் இரண்டு வாயில்களை மட்டுமே நம்பியிருந்தால் அந்த மருந்து குப்பைக்குப் போயிருக்கும். 1999-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்த பிறகு, 2004-இல்தான் அது நரம்பணுவின் எந்தப் புரதத்தோடு இணைகிறது என்பதே உறுதியாயிற்று.

எதிர்த்திசைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. நரம்பணுக்களைக் கிளர்ச்சியூட்டும் வேதித்தூதான குளூட்டமேட்டின் ஏற்பிகளுள் ஒன்றைத் தடுக்கும் சில சேர்மங்கள் மின் அதிர்ச்சிச் சோதனையில் மிகச் சிறப்பாகத் தேறின. அவற்றுள் ஒன்றை, பிற மருந்துகள் கேட்காத நோயாளிகளுக்கு 1990-களின் தொடக்கத்தில் கொடுத்துப் பார்த்தபோது வலிப்பு குறையவில்லை. குழப்பம், தள்ளாட்டம் போன்ற பக்கவிளைவுகளே மிஞ்சின. அதற்குச் சற்று முன்பே ஜெர்மனியில் வொல்ஃப்காங் லோஷரின் குழுவினர், இத்தகைய சேர்மங்கள் சாதாரண எலிகளைவிட ஏற்கெனவே வலிப்புக்கு உள்ளான எலிகளில் கடுமையான நடத்தைக் கோளாறுகளை உண்டாக்குவதைக் காட்டியிருந்தார்கள். நோயுள்ள மூளை மருந்தை வேறு விதமாக ஏற்கிறது என்ற செய்தி விலங்குகளிடமே இருந்தது. அதைக் கேட்கத் தவறியவர்கள் மனிதர்கள்தான்.

எனவே கட்டுரையைப் படிக்கும்போது, பயன்படுத்திய சோதனை எந்த வகை வலிப்பைப் போன்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறித்து நிற்கும் வகைக்கென்று ஸ்ட்ராஸ்பூர்கில் வளர்த்தெடுக்கப்பட்ட எலி வகையும் நெதர்லாந்தின் நைமேகனில் ஆராயப்பட்ட எலி வகையும் உள்ளன. அவற்றின் மூளை மின்வரைவில் நொடிக்கு 7 முதல் 11 வரை கூர்முனை அலைகள் தோன்றும். மனிதக் குழந்தைகளிடம் அது ஏறத்தாழ 3 மட்டுமே. எண் மாறினாலும் மருந்துகளுக்கு இந்த எலிகள் காட்டும் எதிர்வினை மனிதரோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது: எதோசக்சிமைடு அலைகளை அடக்குகிறது, கார்பமசெபின் அவற்றை மிகுதிப்படுத்துகிறது. இந்தப் பொருத்தம்தான் ஒரு மாதிரியை, அதாவது மனித நோய்க்கு ஈடாக ஆராயப்படும் விலங்கை, நம்புவதற்கான அடிப்படை. தோற்ற ஒற்றுமை அதற்கு அடுத்துதான். ஆனால் சாதாரண ஆய்வக எலிகளிலும் வயது ஏறும்போது இத்தகைய அலைகள் தலைகாட்டுவதுண்டு என்பதால், ஒப்பீட்டுக் குழுவிலும் அதே வயதுடைய எலிகள் இருந்தனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

நாட்பட்ட நோய் மாதிரிகளில் எதைக் கேட்க வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கிறார்கள். தக்க சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வலிப்பின்றி வாழ முடியும். மீதிப் பேருக்கு, அதிலும் குறிப்பாக நெற்றிப்பொட்டு மடலிலிருந்து வலிப்பு கிளம்புபவர்களுக்கு, விடை தேடும் ஆய்வுகள் நோயையே விலங்கில் உருவாக்க முயல்கின்றன. இங்கே நீங்கள் சந்திக்கும் மாதிரிகள் மூன்று.

முதலாவதை கிரகாம் காடர்டு என்பவர் 1960-களில் தற்செயலாகக் கண்டார். கற்றலை ஆராய்வதற்காக எலிகளின் மூளையில் அமிக்டலா என்ற பகுதியை நாள்தோறும் சிறு அளவு மின்சாரத்தால் தூண்டிவந்தபோது, முதலில் ஒன்றும் செய்யாத அதே அளவு மின்சாரம் நாளடைவில் முழு வலிப்பையே உண்டாக்கத் தொடங்கியது. சிறு பொறியிலிருந்து தீ மூளுவதைப் போல இருந்ததால் அதற்குத் தீமூட்டலைக் குறிக்கும் பெயரே நிலைத்துவிட்டது. அந்த எலிகளின் வலிப்பு எவ்வளவு வளர்ந்துவிட்டது என்பதை அளக்க ரொனால்டு ரசீன் 1972-இல் வகுத்த ஐந்து படிகள் இன்றும் எல்லாக் கட்டுரைகளிலும் வரும்: வாயும் முகமும் அசைதல், தலை ஆட்டல், முன்னங்கால் துடித்தல், பின்னங்காலில் எழுந்து நிற்றல், எழுந்து நின்று விழுதல். இந்தப் படிகள் அமிக்டலாத் தூண்டலுக்காக வகுக்கப்பட்டவை. பென்டிலீன்டெட்ரசோல் கொடுத்த சுண்டெலிகளுக்கும் அப்படியே அவற்றைப் பொருத்தியிருக்கும் கட்டுரையைக் கண்டால், ஆசிரியர்கள் எந்தத் திருத்தத்தோடு பயன்படுத்தினார்கள் என்று தேடுங்கள். அந்தச் சுண்டெலிகளின் வலிப்பு வேறு வரிசையில் நடக்கும்.

மற்ற இரண்டும் வேதிப்பொருளால் ஆனவை. ஜப்பானில் குடற்புழு மருந்தாக வழங்கிய சிவப்புக் கடற்பாசி ஒன்றிலிருந்து 1953-இல் பிரித்தெடுக்கப்பட்ட கைனிக் அமிலம் ஒன்று. கண்நீர் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாகப் பயன்படும் பைலோகார்பின் மற்றொன்று. இவற்றை உயர்ந்த அளவில் கொடுத்தால் எலிக்கு நீண்ட நேரம் நிற்காத வலிப்பு வரும்; அதை டையசெபாம் போன்ற மருந்தால் நிறுத்திவிடுவார்கள். பிறகு சில நாள்களோ வாரங்களோ எதுவும் நடக்காது. அந்த அமைதிக்குப் பின்னர், யாரும் தூண்டாமலேயே வலிப்பு தானாக வரத் தொடங்கும். மனிதரிடம் மூளைக் காயத்துக்கோ நீண்ட காய்ச்சல் வலிப்புக்கோ பல ஆண்டுகள் கழித்து நோய் தலைதூக்குவதை இது நினைவூட்டுகிறது. கைனிக் அமிலத்தின் உறவுப் பொருளான டோமோயிக் அமிலம் கலந்த சிப்பிகளைத் தின்று, 1987-இல் கனடாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, அவர்களில் முதியவர் ஒருவருக்கு ஓராண்டு கழித்து நெற்றிப்பொட்டு மடல் வலிப்பு நோய் வந்தது என்பதை அறிந்தால், இந்த மாதிரி வெறும் ஆய்வகக் கற்பனை அன்று என்பது விளங்கும்.

இத்தகைய கட்டுரைகளில் மூன்றைத் தவறாமல் சரிபாருங்கள். முதலாவது, வலிப்பை எப்படி எண்ணினார்கள் என்பது. நாட்பட்ட நோயுள்ள எலிகளுக்கு வலிப்பு கொத்துக்கொத்தாக வரும். சில நாள்களுக்குப் பல, பின்பு பல நாள்களுக்கு ஒன்றுமில்லை. பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு ‘மருந்து கொடுத்தபின் வலிப்பு நின்றது’ என்று எழுதினால், அது மருந்தின் பயனா, இயல்பான இடைவெளியா என்று யாராலும் சொல்ல முடியாது. இரவும் பகலும் வாரக்கணக்கில் காணொளியும் மூளை மின்வரைவும் சேர்த்துப் பதிவுசெய்யப்பட்டிருந்தால் மட்டுமே அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. செலவும் உழைப்பும் மிகுந்த வேலை என்பதால்தான் இதைப் பலர் தவிர்க்கிறார்கள். அந்த நிலைமை புரிந்துகொள்ளத்தக்கது என்றாலும், முடிவின் மதிப்பை அது உயர்த்திவிடாது.

இரண்டாவது, மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பது. கைனிக் அமிலத்துக்கு முன்போ, அதோடு சேர்த்தோ கொடுத்த மருந்து, முதல் வலிப்பின் கடுமையையே குறைத்திருக்கக்கூடும். மூளைச் சேதம் குறைந்ததால் பின்னர் வந்த நோயும் குறைந்திருக்கும். அதை ‘நோய் உருவாவதைத் தடுத்த மருந்து’ என்று அழைப்பது நியாயமாகாது, ஏனெனில் எந்த மனிதருக்கும் தலையில் அடிபடுவதற்கு முன்பு மருந்து கொடுக்க வாய்ப்பில்லை. மூன்றாவது, மருந்தை நிறுத்திய பிறகு விலங்குகளை எவ்வளவு நாள் கவனித்தார்கள் என்பது. மருந்து உடலில் இருக்கும்வரை வலிப்பு அடங்கியிருந்தால் அது அடக்கும் மருந்து. நிறுத்தி வாரங்கள் கழிந்த பின்பும் வலிப்பு திரும்பாவிட்டால்தான் நோயின் போக்கு மாறியது என்று கருத இடமுண்டு.

இந்த வேறுபாட்டைப் புறக்கணித்ததன் விலையை மருத்துவம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. தலைக்காயம் பட்ட 404 பேரிடம் அமெரிக்காவின் சியாட்டிலில் நடத்தப்பட்டு 1990-இல் வெளிவந்த ஆய்வில், ஃபெனிடோயின் முதல் வாரத்து வலிப்புகளைக் குறைத்தது. பிற்காலத்தில் நோய் வருவதைத் தடுக்கவில்லை. எலிகளில் மின்தூண்டலால் நோய் வளர்வதை வால்ப்ரோயேட் தடுத்ததாக 1991-இல் காட்டப்பட்டதால், அதே நம்பிக்கையோடு தலைக்காயம் பட்டவர்களிடம் அதையும் சோதித்தார்கள். 1999-இல் வந்த முடிவும் பயனில்லை என்பதுதான்.

மரபணு மாற்றிய விலங்குகளை எந்த அளவுக்கு நம்பலாம்

ஒரே மரபணுக் கோளாறால் வரும் கடும் வலிப்பு நோய்களில் விலங்காய்வு தன் முழு வலிமையையும் காட்டியிருக்கிறது என்பது என் கருத்து. சார்லட் டிராவே 1978-இல் விவரித்த நோயில், குழந்தைக்கு முதல் வயதிலேயே காய்ச்சலோடு நீண்ட வலிப்புகள் தொடங்கி, பின்னர் வளர்ச்சியும் பின்தங்கும். அதற்குக் காரணம் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவின் பழுது என்பது 2001-இல் தெரிந்தது. அந்த மரபணு நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வாயில் ஒன்றை உருவாக்குவது. வாயில் பழுதானால் நரம்பணுவின் கிளர்ச்சி குறைய வேண்டுமே, வலிப்பு ஏன் வருகிறது என்ற புதிரை, வில்லியம் கேட்டரலின் குழு 2006-இல் அதே மரபணுவைப் பழுதாக்கிய சுண்டெலிகளைக் கொண்டு அவிழ்த்தது: குறைந்தது மற்ற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் நரம்பணுக்களின் கிளர்ச்சி. அடக்குபவை அடங்கிப்போனதால் மற்றவை கட்டுக்கடங்காமல் போயின. சோடியம் வாயிலைத் தடுக்கும் லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு நிலைமையை மோசமாக்குவதை மருத்துவர்கள் 1990-களிலேயே கண்டிருந்தார்கள். ஏன் என்பதற்கான விளக்கம் சுண்டெலியிடமிருந்து வந்தது.

இருப்பினும் இதே சுண்டெலிகள் ஓர் எச்சரிக்கையையும் தருகின்றன. ஒரே பழுதை இரண்டு வெவ்வேறு சுண்டெலிக் குலங்களில் வைத்துப் பார்த்தபோது, ஒரு குலத்தில் வலிப்பும் அகால மரணமும் மிகுந்திருந்தன. மற்றொன்றில் விலங்குகள் ஏறக்குறைய நலமாகவே வாழ்ந்தன. ஆகையால் கட்டுரையில் குலத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, பழுதுள்ள குட்டிகளை அதே ஈற்றில் பிறந்த பழுதில்லாத குட்டிகளோடு ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். வேறொரு பண்ணையிலிருந்து வாங்கிய சுண்டெலிகளோடு ஒப்பிட்டிருந்தால், அந்த வேறுபாடு மரபணுவால் வந்ததா குலத்தால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

வரிக்குதிரை மீனின் குஞ்சுகளிலும் இதே மரபணுவின் பழுதை ஆராய்கிறார்கள். தட்டின் சிறு குழியில் ஒரு குஞ்சை விட்டு, அது நீந்தும் வேகத்தைக் கேமராவால் அளந்தே வலிப்பைக் கணிக்க முடியும் என்பதால், நூற்றுக்கணக்கான சேர்மங்களை விரைவாகச் சலித்தெடுக்கலாம். கலிபோர்னியாவில் ஸ்காட் பாராபனின் குழு 2013-இல் 320 சேர்மங்களைச் சோதித்து, கிளெமிசோல் என்ற பழைய ஒவ்வாமை மருந்தைத் தேர்ந்தெடுத்தது இந்த வழியில்தான். குஞ்சு அசையாமல் கிடந்தால் வலிப்பு நின்றதா, மருந்தின் நஞ்சால் அது சோர்ந்ததா என்ற ஐயம் எப்போதும் எழும். மூளை மின்பதிவு செய்து அந்த ஐயத்தைப் போக்கியிருக்கிறார்களா என்று தேடுங்கள். மேலும், வரிசை எப்போதும் விலங்கிலிருந்து மனிதருக்கு வருவதாக இருக்காது. உடல் எடை குறைக்கும் மருந்தாக இருந்து 1997-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட ஃபென்ஃப்ளூரமின், பெல்ஜிய மருத்துவர்கள் இந்நோயுள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துப் பயன் கண்ட பிறகே மீன்களில் ஆராயப்பட்டது. 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

சுண்டெலியில் தொடங்கிச் சிகிச்சைவரை நேராகச் சென்ற பாதைக்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் எடுத்துக்காட்டு. அந்நோயின் மரபணுவை இழந்த சுண்டெலிகளுக்கு வலிப்பு வருவதை ராப்பமைசின் என்ற மருந்து தடுத்தது என்று 2008-இல் வெளிவந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எவரோலிமஸை 366 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது: உயர்ந்த அளவு பெற்றவர்களில் 40 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் அது 15 சதவீதம். சுண்டெலியில் கிடைத்த முடிவின் வீச்சோடு இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது, மனிதரிடம் வெற்றி என்பது எப்படி இருக்கும் என்பதைப் பழகிக்கொள்ள உதவும்.

மருந்தளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்

நம் நாட்டு மருந்தியல் கல்லூரிகளிலிருந்து வரும் வலிப்பு ஆய்வுகளில் கணிசமானவை மூலிகைச் சாறுகளைப் பற்றியவை என்பதால், இந்தப் பகுதி தமிழ் வாசகர்களுக்கு மிகவும் தேவைப்படும். வழக்கமான கட்டுரை இப்படி இருக்கும்: ஏதோ ஒரு செடியின் இலைச்சாற்றை ஆல்கஹாலில் வடித்து, உடல் எடை ஒரு கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் என்ற அளவுகளில், குழுவுக்கு ஆறு சுண்டெலிகள் வீதம் கொடுத்து, மின் அதிர்ச்சியும் பென்டிலீன்டெட்ரசோலும் பார்த்திருப்பார்கள். பத்திரிகைக்கு வரும்போது அது ‘வலிப்பைக் குணப்படுத்தும் கீரை’ ஆகிவிடும்.

400 மில்லிகிராம் என்பதை 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு நேரடியாகப் பெருக்கினால் 24 கிராம் வரும். அது தவறான கணக்கு. சிறிய விலங்குகள் மருந்தை வேகமாகச் செரித்து வெளியேற்றுவதால், உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடும் வழக்கம் உண்டு: சுண்டெலியின் அளவை ஏறத்தாழ 12.3-ஆலும், எலியின் அளவை 6.2-ஆலும் வகுக்க வேண்டும். அதன்படி 400 மில்லிகிராம் என்பது மனிதருக்குக் கிலோவுக்கு 32.5 மில்லிகிராம், அதாவது 60 கிலோ எடைக்குச் சுமார் 2 கிராம் வடித்த சாறு. செடியாக அது எத்தனை மடங்கு என்பது, எவ்வளவு இலையிலிருந்து எவ்வளவு சாறு கிடைத்தது என்ற விவரத்தைப் பொறுத்தது. அந்த விவரம் கட்டுரையில் இருந்தால் கணக்கிட்டுப் பாருங்கள், உணவில் சேர்க்கும் கைப்பிடிக் கீரைக்கும் அந்த அளவுக்கும் உள்ள தொலைவு தெரிந்துவிடும். இந்தக் கணக்கு ஆய்வை மதிப்பிடுவதற்கு மட்டுமே உரியது. இதை வைத்து யாரும் தமக்குத் தாமே மருந்தளவு வகுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, சாறு வாய்வழியே கொடுக்கப்பட்டதா, வயிற்றறைக்குள் ஊசி வழியே செலுத்தப்பட்டதா என்று பாருங்கள். ஊசி வழியே சென்றது குடலின் செரிமானத்தைத் தாண்டியதால் கிடைத்த பயன், வாயால் விழுங்கும்போது கிடைக்காமல் போகலாம். பின்னர், சுழலும் தண்டின் மேல் விலங்கு நிலைத்து நிற்கிறதா என்ற சோதனை செய்யப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். மயக்கம் தரும் எந்தப் பொருளும், தசையைத் தளர்த்தும் எந்தப் பொருளும் பின்னங்கால் விறைப்பை மறைத்துவிடும். தண்டிலிருந்து விழாத அளவில் வலிப்பையும் தடுத்தால்தான் அது வலிப்படக்கி. தள்ளாட வைக்கும் அளவை, காக்கும் அளவால் வகுத்துக் கிடைக்கும் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாதுகாப்பு. இந்த எண்ணே இல்லாத கட்டுரையில் ‘பாதுகாப்பானது’ என்ற சொல் இருந்தால் அதற்கு ஆதாரம் இல்லை.

மருந்து உடலில் தங்கும் நேரமும் இனத்துக்கு இனம் மாறும். லெவெடிராசெட்டத்தின் அளவு எலியின் இரத்தத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். மனிதரிடம் அதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். ஆகவே நாளுக்கு ஒருமுறை ஊசி போட்டு ‘நீண்டகாலச் சிகிச்சை’ என்று எழுதியிருந்தால், நாளின் பெரும்பகுதி அந்த எலியின் உடலில் மருந்தே இருந்திருக்காது. நாயிடம் ஃபெனிடோயின் மிக விரைவாக வெளியேறுவதால் கால்நடை மருத்துவர்கள் அதை நாட்பட்ட சிகிச்சைக்குப் பயன்படுத்துவதில்லை.

ஆய்வு ஒழுங்காக நடந்ததா

எந்த விலங்குக்கு மருந்து, எந்த விலங்குக்கு உப்புநீர் என்பது குலுக்கல் முறையில் முடிவானதா, வலிப்பை மதிப்பிட்டவருக்கு அந்த விவரம் மறைக்கப்பட்டிருந்ததா, எத்தனை விலங்குகள் தேவை என்பது முன்கூட்டியே கணக்கிடப்பட்டதா, இறந்தவையும் விலக்கப்பட்டவையும் எண்ணிக்கையில் காட்டப்பட்டுள்ளனவா என்ற நான்கையும் கேளுங்கள். 2010-இல் வகுக்கப்பட்டு 2020-இல் திருத்தப்பட்ட, விலங்காய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று கூறும் அரைவ் நெறிமுறைகள் இவற்றை எழுதியே ஆக வேண்டும் என்கின்றன. ரசீன் படிகளைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் ஆய்வில் மறைப்பு இல்லாவிட்டால், மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையிலான தீர்ப்பு பார்ப்பவரின் விருப்பத்துக்கு எளிதில் வளைந்துகொடுக்கும். ஆண் விலங்குகள் மட்டுமே பயன்பட்டனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டி வலிப்பு மிகும் பெண் நோயாளிகளைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லாது.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுக்கு 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998-ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அளித்த ஒப்புதல் எண் கட்டுரையில் இருக்க வேண்டும். வலிப்புக்குள்ளாகும் விலங்கு படும் துன்பம் சிறிதன்று. 1959-இல் ரசலும் பர்ச்சும் முன்வைத்த மாற்று, குறைப்பு, மென்மையாக்கம் என்ற மூன்று கடமைகளும் இங்கே பொருந்துவதால், ஏற்கெனவே பலமுறை காட்டப்பட்ட முடிவை மற்றொரு செடியின் பெயரை மாற்றி மீண்டும் காட்டுவதற்காக விலங்குகள் செலவிடப்பட்டிருந்தால் அதைக் குறையென்றே நான் கருதுகிறேன்.

இயற்கையிலேயே நோயுற்ற விலங்குகளைப் பற்றிய ஆய்வுகளுக்குத் தனி மதிப்புண்டு. வீட்டு நாய்களுக்கு வலிப்பு நோய் தானாகவே வரும். உரிமையாளர் மருந்து கொடுத்து, வலிப்பு வந்த நாளைக் குறித்து வைப்பார். ஆய்வின் வடிவமும் மனிதர்களிடம் நடத்தப்படுவதைப் போன்றே அமையும். மனிதருக்கென உருவாக்கப்பட்ட இமெபிட்டாயின், புகைபிடிப்பவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் உடலில் வேறுபட்டு நடந்துகொண்டதால் கைவிடப்பட்டு, 2013-இல் ஐரோப்பாவில் நாய் மருந்தாக ஒப்புதல் பெற்றது. கலிபோர்னியக் கடற்கரையில் டோமோயிக் அமிலத்தால் நோயுறும் கடற்சிங்கங்கள் இன்னொரு வகை. அவற்றுள் ஒன்றுக்கு 2020-இல் பன்றிக் கருவிலிருந்து எடுத்த, அடக்கும் நரம்பணுக்களாக வளரும் செல்களை மூளையில் பொருத்தினார்கள். ஒரே ஒரு விலங்கைப் பற்றிய அறிக்கையை ஒரே ஒரு விலங்கைப் பற்றியதாகவே படிக்க வேண்டும்.

படித்து முடித்த பிறகு

செய்தியில் வரும் மருந்து மனிதரிடம் சோதிக்கப்படுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவுசெய்வது 2009 முதல் கட்டாயம். அதன் இணையதளத்தில் மருந்தின் பெயரையோ நோயின் பெயரையோ இட்டுத் தேடலாம். அமெரிக்காவின் பதிவகமும் அதேபோல் யாருக்கும் திறந்திருக்கிறது. முதல் கட்டம் என்றிருந்தால் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களிடம் பாதுகாப்பை மட்டும் பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டம் என்றிருந்தால் நோயாளிகளிடம் பயனை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எந்தப் பதிவும் இல்லையென்றால், மருத்துவரிடம் அந்த மருந்தைக் கேட்டுப் பயனில்லை.

மருத்துவரிடம் செல்லும்போது செய்தித் துணுக்கோடு, எந்த விலங்கு, எந்த மாதிரி, மருந்து வலிப்புக்கு முன்பு கொடுக்கப்பட்டதா பின்பா என்ற மூன்று விவரங்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையின் வலிப்பு எந்த வகை என்பதை அவரிடம் கேட்டு அருகில் குறித்துக்கொண்டால், இரண்டும் பொருந்துகின்றனவா என்ற பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் தற்போதைய மாத்திரையைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. திடீரென நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.